ஏற்றத்தில் திணறும் பழைய ஜீப்: பம்பைக் கழற்றுமுன் பாருங்கள்

2020 மார்ச்சில் இடைநிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. இந்த இடைவெளியில் கொழும்பில் பலர் பழைய டீசல் ஜீப்புகளைத் திருத்தித் திருத்தியே ஓட்டினார்கள். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கான்களில் சேமித்த டீசலோடு தண்ணீரும் தூசியும் தாங்கிக்குள் போயிருக்கலாம்.

இத்தகைய ஜீப் ஏற்றத்தில் இழுக்காமல் திணறினால், பலரும் முதலில் சந்தேகிப்பது விலை கூடிய இன்ஜெக்டர் பம்பைத்தான். ஆனால், சோதனையைத் தாங்கியிலிருந்து தொடங்குவதே நல்லது.

முதலில் தாங்கி மூடியைத் தளர்த்தி ஓட்டிப் பாருங்கள். திணறல் நின்றால், காற்றுத் துவாரம் அடைபட்டிருக்கிறது.

அடுத்து, ஃபில்டரின் அடியிலுள்ள டீசலைக் கண்ணாடிப் போத்தலில் வடித்து வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தங்கும்.

மூன்றாவது, காற்றுக் கசிவு. தாங்கிக்கும் பம்புக்கும் இடையிலுள்ள குழாயில் வெடிப்பு இருந்தால், வெளியே ஒரு துளிகூடச் சிந்தாமல் உள்ளே காற்று இழுக்கப்படலாம். அங்கே டீசல் தாங்கும் தெளிவான குழாய்த் துண்டொன்றைப் பொருத்தினால் குமிழிகள் தெரியும்.

கடைசியாக, சுத்தமான டீசல் கானிலிருந்து தனிக்குழாய் மூலம் இன்ஜினை இயக்குங்கள். சீராக ஓடினால், பிழை பெரும்பாலும் தாங்கியில் அல்லது குழாயில்தான்.

ஓடும் இன்ஜினின் இன்ஜெக்டர் குழாய்களை மட்டும் தளர்த்தாதீர்கள். அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைக்கும்.

இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டுமே பம்பைக் கழற்றக் கொடுங்கள்.