குழம்புச் சட்டியிலிருந்து கண்ணாடித் தொட்டிக்கு... வீட்டில் அயிரை வளர்க்கலாமா?

அயிரை என்றதும் நம் திண்டுக்கல், மதுரைப் பக்கத்துக்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது குழம்புதான். உயிரோடு வாங்கி வந்து, மண்சட்டியில் கல் உப்பு போட்டு உரசி, வயிற்றில் இருக்கும் மண்ணைக் கக்கட்டும் என்று பாலிலோ தேங்காய்ப் பாலிலோ நீந்தவிட்டு... அப்பப்பா, எத்தனை பக்குவம்!

அதே அயிரையைக் கண்ணாடித் தொட்டியில் விட்டு வளர்க்க முடியுமா? ஆத்தூரில் என்னிடம் வைத்தியத்துக்கு வரும் தாய்மார்கள் கேட்கிற கேள்வி இது. “லீவு விட்டா செல்போனும் கையுமாவே கிடக்கான் ஐயா. மீன் வளர்க்கணும்னு ஒரே அடம். ரெண்டு தடவை கலர் மீன் வாங்கிக் குடுத்தோம், ஒரு வாரத்துல செத்துப்போச்சு. புள்ள சாப்பிடாம அழுவுறான். அயிரைன்னா நம்ம ஊரு மீன்தானே, சாகாதுல்ல?”

வளர்க்கலாம் தாயே. ஆனால் நம்ம ஊர் மீன் என்பதற்காகச் சாகாமல் இருக்காது. புதுத் தொட்டியில் மீன் சாவதற்குப் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். தண்ணீரைப் பக்குவப்படுத்தாமல் மீனை விட்டால், எந்த ஊர் மீனும் தாங்காது.

யார் இந்த அயிரை?

கடைக்காரர்கள் ‘லோச்’ என்று சொல்லும் மீன் கூட்டத்தைச் சேர்ந்தது நம் அயிரை. விரல் நீளம்தான் வளரும். வாயைச் சுற்றி மீசை, உடம்பெல்லாம் புள்ளி. அறிவியல் பெயரில் ‘தெர்மாலிஸ்’ என்று ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெந்நீர் சம்பந்தப்பட்டது என்று அர்த்தம். 1846-ல் இதைப் பற்றி முதலில் எழுதிய பிரெஞ்சு அறிஞர் வலென்சியென் கையில் கிடைத்த மீன்கள், இலங்கை திருகோணமலைக்குப் பக்கத்தில் உள்ள கன்னியா வெந்நீர் ஊற்றில் பிடித்தவை.

இன்னொரு அதிசயம் கேளுங்கள். அயிரை செவுளால் மட்டும் சுவாசிப்பதில்லை. மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கி, குடல் வழியாகவும் பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும். சேறும் சகதியுமான வயல் வாய்க்காலில் பிழைத்துக் கிடக்கும் ரகசியம் இதுதான். எப்போதாவது மேலே வந்து போனால் பயப்பட வேண்டாம். எல்லா மீனும் ஓயாமல் மேலே வந்து வாயைத் திறந்தால், தண்ணீர் கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

மணல்தான் மெத்தை!

‘அயிர்’ என்றால் தமிழில் நுண்மணல். மீனின் பெயருக்குள்ளேயே அந்தச் சொல் இருக்கிறது பாருங்கள்! பகலெல்லாம் மணலுக்குள் உடம்பைப் புதைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் வெளியே வைத்துப் படுத்திருப்பதுதான் இதன் சுபாவம். கடையில் விற்கும் கலர் கூழாங்கல்லைப் போட்டால் புதையவும் முடியாது, மீசையும் தேய்ந்து புண்ணாகும்.

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி ஒன்று போதும். சுமார் 50 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் எடையே 50 கிலோ ஆச்சே, ஆடாத மேஜையாகப் பாருங்கள். நைசான ஆற்று மணலைச் சலித்து, கலங்கல் போகும்வரை பல தண்ணீர் விட்டுக் கழுவி, 2 அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள். ஒளிந்துகொள்ள உடைந்த மண்சட்டி, கொட்டாங்கச்சி போடலாம். கூர்மையான விளிம்பைத் தேய்த்துவிடுங்கள். ஸ்பாஞ்சு ஃபில்டர் ஒன்று அவசியம். மேலே மூடி கட்டாயம். அயிரை துள்ளிக் குதித்து வெளியே விழுந்துவிடும். நேர் வெயில் படும் ஜன்னலோரம் வேண்டாம்.

தண்ணீருக்கு ஒரு மண்டலம்

பதார்த்த குண சிந்தாமணியில் ஆற்று நீர், ஏரி நீர், கிணற்று நீர் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம் சொல்லியிருக்கிறார்கள். மனிதனுக்கே தண்ணீரில் இத்தனை பேதம் என்றால், அதிலேயே குடியிருக்கும் மீனுக்கு?

குழாய்த் தண்ணீரில் கிருமி போகக் குளோரின் கலந்திருப்பார்கள். நமக்கு அது நல்லது. மீனின் செவுளுக்கு எமன். அகலமான பாத்திரத்தில் பிடித்து 24 மணி நேரம் வைத்தால் குளோரின் பறந்துவிடும். ஆனால் மெல்லிய துணியால் மூடிக் கட்டி வையுங்கள். டெங்கு கொசு முட்டையிடுவது இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான்!

அடுத்ததுதான் எல்லோரும் கோட்டை விடும் இடம். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்ற விஷம் வருகிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷமே. இன்னொரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றும். அது அவ்வளவு கெடுதல் இல்லாதது. இந்த நல்ல கிருமிகள் மணலிலும் ஃபில்டரிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். சித்த மருத்துவத்தில் மருந்துக்கு ஒரு மண்டலம், அதாவது 48 நாள் கணக்கு வைப்போம். தொட்டித் தண்ணீருக்கும் கிட்டத்தட்ட அதே கணக்குதான் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

அதுவரை மீன் இல்லாமலே ஃபில்டரை ஓடவிட்டு, தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு வாருங்கள். தீனி மக்கி, கிருமிகளுக்கு உணவாகும். மீன் கடையில் பரிசோதனைக் கிட் கிடைக்கும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் ஏறி இறங்கிப் பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் மீனை விட வேண்டும். அதற்குப் பிறகு வாரம் ஒரு முறை கால் பங்குத் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். மொத்தத்தையும் கொட்டிக் கழுவினால் நல்ல கிருமியும் போய்விடும். ஸ்பாஞ்சைக் கூட, வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழியுங்கள்.

மீன் வாங்கும்போது...

அயிரை கூட்டமாக வாழும் மீன். ஐந்தாறாக விடுங்கள். குழம்புக்கு விற்கும் மீனில் பொறுக்குவதானால், மீசை முழுசாக, உடம்பில் காயம் இல்லாமல், சுறுசுறுப்பாக நெளிவதாகப் பாருங்கள். கண்ணுக்குக் கீழே சின்ன முள் உண்டு. பயந்தால் விரித்துக்கொண்டு வலையில் மாட்டிக்கொள்ளும். ஆகவே வலைக்குப் பதில் ஒரு டம்ளரில் முகந்து எடுங்கள். பையோடு 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைக் கலந்து, பிறகு மீனை விடுங்கள்.

சாப்பாடு ஒரு நாளைக்கு ஒரு வேளை போதும். விளக்கை அணைத்த பிறகு, அடியில் மூழ்கும் சிறு குருணைத் தீனியாகப் போடுங்கள். சில நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுதான். சோறு, இட்லித் துணுக்கு எல்லாம் வேண்டாம். அழுகித் தண்ணீரைக் கெடுக்கும்.

“மஞ்சள், வேப்பிலை போடலாமா ஐயா?”

சித்த வைத்தியரிடம் கேட்காமல் விடுவார்களா! வேண்டவே வேண்டாம். நமக்கு மருந்தாகிற வேம்பு, அளவு கூடினால் மீனைக் கொல்லும். அயிரைக்குச் செதில் மிக நுண்ணியது. பெரிய செதில் மீன்கள் தாங்கும் மருந்து அளவைக்கூட இது தாங்காது. மீன் வாடினால் முதல் வைத்தியம், கால் பங்கு தண்ணீரை மாற்றுவதுதான்.

உங்கள் உடம்பையும் பாருங்கள்

கையில் காயம், சிராய்ப்பு இருக்கும்போது தொட்டிக்குள் கை விடாதீர்கள். மைக்கோபாக்டீரியம் மாரினம் என்ற கிருமி காயத்தின் வழியே புகுந்து, வாரக்கணக்கில் ஆறாத புண்ணையோ கட்டியையோ உண்டாக்கும். அப்படி வந்தால் பச்சிலை வைத்துக் கட்டி நாளைக் கடத்தாதீர்கள். சித்த மருத்துவரான நானே சொல்கிறேன். தோல் டாக்டரிடம் போய், வீட்டில் மீன் தொட்டி இருப்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். தண்ணீர் இறக்கும் குழாயை வாய் வைத்து உறிஞ்சக் கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கை விடும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஒயர் பிளக்குக்குக் கீழே வளைந்து தொங்கினால், வழியும் தண்ணீர் ஸ்விட்ச் பக்கம் போகாமல் கீழே சொட்டிவிடும்.

ஏரியில் விடாதீர்கள்!

‘டேங்க் கிளீனர்’ என்று விற்கும் சக்கர் மீனை, தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று நம்பி வாங்காதீர்கள். தென்னமெரிக்க மீன் அது. ஒரு அடிக்கு மேல் வளரும். இடம் போதாமல் போனதும் குளத்தில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். அப்படித் தப்பிய சக்கர் தமிழ்நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் பெருகி, வலையைக் கிழித்து, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. குடகனாற்றின் குறுக்கே உள்ள நம் ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கம் திண்டுக்கல்லுக்கே குடிநீர் கொடுக்கிறது. அதில் வெளியூர் மீன் ஒன்றைக்கூட விடலாகாது. வேண்டாத மீனைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

வரிக்குதிரை போலக் கோடு போட்ட லோச் மீனைக் கடையில் காட்டினாலும் யோசியுங்கள். மகாராஷ்டிரா, கர்நாடகா பக்கத்து மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் மட்டுமே உள்ள அது, அருகி வரும் இனம் என்று உலகப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. நம் அயிரைக்கு அந்த நிலை இல்லை. அதை வளர்த்துப் பழகுவதே நல்லது.

தொட்டி வாங்கிய அன்றே மீன் வேண்டும் என்று பிள்ளை அடம் பிடிக்கும். ஒரு காலண்டரைக் கையில் கொடுத்து, 48 நாளையும் அவனையே எண்ணச் சொல்லுங்கள். தீனி போடுவது, தண்ணீரைச் சோதிப்பது எல்லாம் அவன் பொறுப்பு. காத்திருக்கப் பழகிய பிள்ளை வளர்த்தால், அயிரை பிழைத்துக்கொள்ளும்.