குழந்தைகளுக்கான சமூகவழி மலேரியா சிகிச்சை

சமூகவழி மலேரியா சிகிச்சை என்பது, மருத்துவமனைக்கு எளிதில் செல்ல முடியாத கிராமங்களில், மலேரியா கண்ட குழந்தைகளுக்கு அவ்வூரிலேயே பயிற்சி பெற்ற தாய்மார்களோ நலப்பணியாளர்களோ மருந்து கொடுக்கும் முறையாகும். சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் இம்முறை நடைமுறையில் உள்ளது. எத்தியோப்பியாவின் டிக்ரே பகுதியில் 1997ஆம் ஆண்டு நடைபெற்ற ஆய்வு, இம்முறையின் பயனைத் தெளிவாகக் காட்டிய ஆய்வுகளுள் ஒன்று.

காலத்தின் முக்கியத்துவம்

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2023ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 5,97,000 பேர் மலேரியாவால் இறந்தனர். இந்த இறப்புகளில் ஏறத்தாழ 95 விழுக்காடு ஆப்பிரிக்காவில் நிகழ்ந்தவை. அங்கு இறந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்.

மலேரியா மிகுந்த இடங்களில் வாழும் பெரியவர்களுக்கு, மீண்டும் மீண்டும் நோய் கண்டதால் ஓரளவு எதிர்ப்பாற்றல் உண்டாகியிருக்கும். குழந்தைகளுக்கு அது இருப்பதில்லை. பிளாசுமோடியம் பால்சிபாரம் என்னும் ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணுக்கள், நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. இது மூளையில் நிகழ்ந்தால் வலிப்பும் மயக்கமும் ஏற்படும். காய்ச்சல் தொடங்கிய ஓரிரு நாட்களுக்குள்ளேயே குழந்தை இந்த நிலையை அடையக்கூடும். தொடக்கத்தில் சில மாத்திரைகளால் குணமாகும் நோய்க்கு, அதன்பின் மருத்துவமனையில் ஊசி மருந்து தேவைப்படும். சிலருக்கு இரத்தம் ஏற்றவும் வேண்டியிருக்கும். எனவேதான் 2000ஆம் ஆண்டு நைசீரியாவின் அபுசா நகரில் கூடிய ஆப்பிரிக்கத் தலைவர்கள், மலேரியா நோயாளிகளில் குறைந்தது 60 விழுக்காட்டினருக்கு 24 மணி நேரத்துக்குள் சிகிச்சை கிடைக்க வேண்டும் என இலக்கு வகுத்தனர்.

டிக்ரே ஆய்வு

வட எத்தியோப்பியாவின் மலைப்பாங்கான டிக்ரே பகுதியில் 1992 முதல் தன்னார்வ நலப்பணியாளர்கள் கிராமங்களில் மலேரியா மருந்து வழங்கிவந்தனர். எழுநூற்றுக்கும் சற்று அதிகமான பணியாளர்கள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஊர்களைக் கவனிக்க வேண்டியிருந்தது. அதாவது, ஒருவருக்கு ஏறக்குறைய மூன்று ஊர்கள். பணியாளர் வரை செல்வதற்குப் பதிலாகத் தாயின் கையிலேயே மருந்தைக் கொடுத்தால் என்ன நேரும் என்பதைக் கிடானே, மாரோ ஆகிய இருவரும் ஆராய்ந்தனர்.

இரு மாவட்டங்களில் மலேரியா மிகுந்த 24 ஊர்த்தொகுதிகள் தெரிவு செய்யப்பட்டன. குழந்தை இறப்பு வீதத்தில் ஒத்திருந்த தொகுதிகள் இரண்டிரண்டாக இணைக்கப்பட்டு, ஒவ்வோர் இணையிலும் ஒன்று குலுக்கல் முறையில் புதிய திட்டத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. மற்றொன்றில் நலப்பணியாளர் முறையே தொடர்ந்தது. திட்டத் தொகுதிகளில், தாய்மாருள் சிலர் ஒருங்கிணைப்பாளர்களாகப் பயிற்சி பெற்றனர். மலேரியாவின் அறிகுறிகளை அறியவும், உடனே குளோரோகுயின் கொடுக்கவும் மற்றத் தாய்மாருக்கு அவர்கள் கற்பித்தனர்.

ஓராண்டு முடிவில், புதிய திட்டம் நடைபெற்ற ஊர்களில் 5 வயதுக்கு உட்பட்ட 1,000 குழந்தைகளுக்கு 29.8 பேர் இறந்திருந்தனர். மற்ற ஊர்களில் இது 50.2 ஆக இருந்தது. இறப்பு 40 விழுக்காடு குறைந்திருந்தது. இரு இடங்களிலும் கொடுக்கப்பட்ட மருந்து ஒன்றே; அது யார் கையில் இருந்தது என்பதே வேறுபாடு.

இறந்த குழந்தைகளில் ஒரு பகுதியினரின் குடும்பத்தாரிடம் நோயின் அறிகுறிகளைக் கேட்டறிந்து, இறப்பின் காரணமும் கணிக்கப்பட்டது. மலேரியாவாக இருக்கலாம் எனக் கருதப்பட்டவை திட்ட ஊர்களில் 19 விழுக்காடு, மற்ற ஊர்களில் 57 விழுக்காடு. இறப்பு குறைந்ததற்கு மலேரியா சிகிச்சையே முக்கியக் காரணம் என்பதை இது உறுதிப்படுத்துகிறது. ஆய்வின் முடிவுகள் 2000ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியாயின.

எழுந்த சிக்கல்கள்

இம்முறையில் காய்ச்சல் கண்ட எந்தக் குழந்தைக்கும் மலேரியா மருந்தே கொடுக்கப்பட்டது. காய்ச்சலுக்கு நுரையீரல் அழற்சி போன்ற வேறு காரணம் இருந்தால், அந்தக் குழந்தைக்கு உரிய சிகிச்சை தாமதமாகும். குளோரோகுயினுக்குக் கட்டுப்படாத ஒட்டுண்ணிகளும் பரவின. எத்தியோப்பியா 1998இல் சல்பாடாக்சின்-பைரிமெத்தமின் மருந்துக்கும், 2004இல் ஆர்ட்டிமெத்தர்-லூமிபான்ட்ரின் கூட்டு மருந்துக்கும் மாறியது. கூட்டு மருந்தின் விலை அதிகம். அது பயனற்றுப் போனால், அதற்கு ஈடான மாற்று மருந்துகளும் மிகக் குறைவு. ஆகவே தேவையின்றி மருந்து கொடுப்பதைத் தவிர்ப்பது இன்றியமையாததாயிற்று.

இன்றைய நடைமுறை

வயது வேறுபாடின்றி, இயன்றவரை சோதனை செய்து உறுதிப்படுத்திய பிறகே மருந்து தர வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2010இல் பரிந்துரைத்தது. நுண்ணோக்கியோ மின்சாரமோ தேவைப்படாத விரைவுச் சோதனை அட்டைகள் இதைக் கிராமங்களில் இயலச் செய்தன. விரல் நுனியிலிருந்து எடுத்த ஒரு துளி இரத்தத்தைக் கொண்டு சுமார் 20 நிமிடங்களில் முடிவை அறியலாம்.

2012இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் வெளியிட்ட கூட்டறிக்கை, மலேரியா, நுரையீரல் அழற்சி, வயிற்றுப்போக்கு ஆகிய மூன்றையும் ஒரே பணியாளர் கவனிக்கும் ஒருங்கிணைந்த முறையை வலியுறுத்தியது. பணியாளரின் வேலை பொதுவாகப் பின்வருமாறு அமையும்:

1. தாய்ப்பால் குடிக்க இயலாமை, உட்கொண்ட அனைத்தையும் வாந்தி எடுத்தல், வலிப்பு, மயக்கம் ஆகிய ஆபத்து அறிகுறிகள் உள்ளனவா எனப் பார்த்தல். இருந்தால் உடனே மருத்துவமனைக்கு அனுப்புதல்.
2. மலேரியா சோதனை செய்தல். ஒரு நிமிடத்தில் எத்தனை முறை குழந்தை மூச்சு விடுகிறது என எண்ணுதல்.
3. மலேரியா உறுதியானால் எடைக்கேற்பக் கூட்டு மருந்து வழங்குதல். ஆர்ட்டிமெத்தர்-லூமிபான்ட்ரினை மூன்று நாட்களில் ஆறு வேளை கொடுக்க வேண்டும். காய்ச்சல் தணிந்தாலும் இடையில் நிறுத்தக்கூடாது.
4. மீண்டும் வந்து குழந்தையைப் பார்த்தல்.

வெற்றிக்கான நிபந்தனைகள்

மாத்திரையை விழுங்க முடியாத நிலையிலுள்ள குழந்தைக்கு, மருத்துவமனைக்கு அனுப்புமுன் ஆர்ட்டிசுனேட் மருந்தை ஆசனவாய் வழியாகச் செலுத்தலாம். இது முதலுதவியே தவிர, முழுச் சிகிச்சை அன்று. 2018 முதல் 2020 வரை காங்கோ சனநாயகக் குடியரசு, நைசீரியா, உகாண்டா ஆகிய நாடுகளில் இது பெரிய அளவில் வழங்கப்பட்டபோது, இறப்பு எதிர்பார்த்தபடி குறையவில்லை. பல குழந்தைகள் மருத்துவமனையைச் சென்றடையவில்லை. சென்றவர்களில் பலருக்கு அங்கு முழுச் சிகிச்சை கிடைக்கவில்லை. இதையடுத்து, இம்மருந்தை மேலும் விரிவுபடுத்துவதை நிறுத்திவைக்குமாறு 2022இல் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. மறு ஆண்டு, தகுந்த நிபந்தனைகளுடன் மீண்டும் அனுமதித்தது.

மருந்தும் சோதனை அட்டையும் தடையின்றி வந்துசேர்தல், மேற்பார்வை, அருகில் இயங்கும் மருத்துவமனை, அதற்குச் செல்ல வண்டி வசதி ஆகியவை இல்லாத இடத்தில் கிராமப் பணியாளரின் பயிற்சி மட்டும் போதுமானதாக இராது. பணியாளருக்கு ஊதியமும் தேவை. எத்தியோப்பியா 2003 முதல் கிராமப் பெண்களை ஊதியம் பெறும் நலப்பணியாளர்களாக அமர்த்திவருகிறது. இத்தகைய பணியாளர்களுக்கு உழைப்புக்கேற்ற ஊதியம் தர வேண்டும் என்பதை 2018ஆம் ஆண்டின் உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதலும் பரிந்துரைக்கிறது.