கணக்கும் அறிவியலும் நம் பிள்ளைகளுக்கு ஏன் தூரமாயின?

கெடா மாநிலத்தில் ரப்பர் தோட்டங்கள் செழித்திருந்த காலத்தில், பால்வெட்டுக்குப் போகிறவர்கள் விடியும் முன்பே புறப்பட்டு விடுவார்கள். ஏன் என்று கேட்டால், "வெயில் ஏறினால் பால் நின்றுபோகும்" என்பார்கள். அது அனுபவம் தந்த பதில். அந்தப் பதிலுக்குள் ஓர் அறிவியல் பாடமே இருக்கிறது.

இரவில் இலைகளின் வழியே நீர் ஆவியாவது குறைவு. அதனால் பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் நீர் நிறைந்து அழுத்தம் கூடியிருக்கும். அந்த வேளையில் பட்டையைச் சீவினால் பால் தானாகப் பீறிட்டு வரும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழுத்துக்கொள்ள, அழுத்தம் குறைகிறது, பாலும் குறைகிறது. வெட்டு இடப்புறம் மேலும் வலப்புறம் கீழுமாகச் சாய்ந்திருப்பதற்கும் காரணம் உண்டு. பால்குழாய்கள் நேராக மேலே போகாமல் வலப்பக்கமாகச் சற்றுச் சாய்ந்து ஏறுகின்றன. எதிர்ப்பக்கச் சாய்வில் வெட்டினால்தான் அதிகமான குழாய்கள் திறக்கும்.

மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி ஸ்டோருக்குக் கொண்டுவந்தால் அங்கே ரசாயனம் காத்திருக்கும். பாலில் மிதக்கும் ரப்பர் துகள்கள் ஒரே வகை மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளிக்கொள்வதால் அவை ஒட்டாமல் இருக்கின்றன. ஆசிட் ஊற்றியதும் அந்த மின்னூட்டம் அடங்கி, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பால் கட்டியாகிறது. கட்டியாகாமல் வைத்திருக்க வேண்டுமானால் அமோனியா சேர்ப்பார்கள்.

பிறகு கணக்கு. பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் ரப்பர். மற்றதில் பெரும்பகுதி தண்ணீர். ரப்பர் தண்ணீரைவிட இலேசானது. ஆகவே, ரப்பர் அதிகமுள்ள பாலில் மெட்ரோலாக் என்னும் அளவுகோல் ஆழமாக அமிழும். தண்ணீர் கலந்திருந்தால் உயரே மிதக்கும். 32 கிலோ பால், அதில் 35 விழுக்காடு ரப்பர் என்றால் காய்ந்த எடை 11.2 கிலோ. கூலி பாலின் எடைக்கு அல்ல, இந்தக் காய்ந்த எடைக்கு. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பல தாய்மார்கள் இந்தக் கணக்கை மனத்திலேயே போட்டு, கிராணியின் புத்தகத்தில் எடை குறைந்திருந்தால் நின்று கேட்டிருக்கிறார்கள்.

அந்தத் தாய்மார்களின் பேரப்பிள்ளைகள் இன்று இடைநிலைப்பள்ளியில் விழுக்காடு என்றதும் விழிக்கிறார்கள். "எங்கள் குடும்பத்துக்கே கணக்கு வராது" என்று பெற்றோரும் கூச்சமில்லாமல் சொல்லிக்கொள்கிறார்கள். எங்கே அறுந்தது இந்தத் தொடர்பு?

இது வெறும் பள்ளிக்கூட விவகாரம் அல்ல. தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின. பல வீட்டுமனைகளாகின. மக்கள் சுங்கை பட்டாணி, கூலிம் என்று பட்டணங்களுக்கு இடம்பெயர்ந்தார்கள். கூலிமில் நாட்டின் முதல் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது. இன்று அங்கே உலகின் பெரிய மின்னணுச் சில்லு நிறுவனங்கள் இயங்குகின்றன. 2024இல் இன்பினியோன் நிறுவனம் சிலிக்கான் கார்பைடு சில்லுகளுக்கான புதிய ஆலையைத் தொடங்கியதும் அங்கேதான். அந்த வாசலுக்குள் நம் பிள்ளைகள் பொறியாளராக நுழைவார்களா, ஷிப்ட் வேலைக்கு பஸ் ஏறுவார்களா என்பதைப் படிவம் 4இல் அவர்கள் எடுக்கும் பாடங்கள் பெரும்பாலும் முடிவு செய்துவிடுகின்றன. ஷிப்ட் வேலை இழிவானது என்பதல்ல பேச்சு. வேறு வழி இல்லாமல் போவதுதான் கவலை.

மொழிச் சண்டையில் கழிந்த ஆண்டுகள்

அறிவியல், கணிதக் கல்வி என்றாலே நம் நாட்டில் முதலில் எழுவது மொழிப் பிரச்சினை. அலோர் ஸ்டாரில் பிறந்த துன் மகாதீர் பிரதமராக இருந்தபோது, 2003இல் இவ்விரு பாடங்களையும் ஆங்கிலத்தில் போதிக்கும் திட்டம் முதலாம் ஆண்டு, படிவம் 1, கீழ் ஆறாம் படிவம் ஆகிய வகுப்புகளில் தொடங்கியது. தமிழ்ப்பள்ளிகளும் ஏற்றன. ஆசிரியர்களுக்கு மடிக்கணினி, படவீழ்த்தி எல்லாம் வந்தன. 2009 ஜூலையில் அப்போதைய துணைப் பிரதமர் டான்ஸ்ரீ முகிதீன் யாசின் அத்திட்டம் 2012 முதல் கைவிடப்படும் என்று அறிவித்தார். 2016இல் இருமொழித் திட்டம் என்ற பெயரில் ஆங்கிலம் மீண்டும் சில பள்ளிகளுக்குள் வந்தது. தமிழ்ப்பள்ளிகளில் அதை ஏற்பதா மறுப்பதா என்று நம்மவர்களே இரு தரப்பாக நின்றார்கள்.

தாய்மொழியில் கருத்தைப் புரிந்துகொள்வது எளிது என்பதில் ஐயமில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு "ஆவியாதல்" என்று சொல்லி, அடுப்பில் கொதிக்கும் தண்ணீரைக் காட்டினால் போதும். ஆனால் ஆறு ஆண்டுகள் தமிழில் படித்த பிள்ளை படிவம் 1இல் மலாய்க்கு மாறும்போது பின்னம் "பெச்சஹான்" ஆகிறது. பல பிள்ளைகள் தடுமாறுவது அங்கே. கணக்கு தெரியாமல் அல்ல, கேள்வி புரியாமல் மதிப்பெண் இழக்கிறவர்கள் உண்டு. ஆறாம் ஆண்டின் கடைசி மாதங்களில் இந்தச் சொற்களை இரு மொழியிலும் பழக்கிவிட்டால் பாதிச் சுமை குறையும். அதற்குப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

மொழியை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று இரு தரப்பும் நம்பியதைத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். டிம்ஸ் என்ற அனைத்துலக ஆய்வு, நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை எட்டாம் ஆண்டுக் கல்வியில் உள்ள பிள்ளைகளை, அதாவது நம் படிவம் 2 மாணவர்களைச் சோதிக்கிறது. அளவுகோலின் நடுப்புள்ளி 500. மலேசிய மாணவர்கள் 2003இல் கணிதத்தில் 508, அறிவியலில் 510 எடுத்தார்கள். அவர்கள் மலாயில் படித்தவர்கள். ஆங்கிலத் திட்டம் நடந்த 2011இல் கணிதம் 440, அறிவியல் 426 என்று சரிந்தது. "ஆங்கிலமே காரணம்" என்று உடனே சொல்லிவிடத் தோன்றும். பொறுங்கள். மலாய்க்குத் திரும்பிய பிறகு 2015இல் கொஞ்சம் ஏறியது உண்மை. ஆனால் 2023இல் கணிதம் 411, அறிவியல் 426. கணிதத்தில் முன்னைவிடக் கீழே. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். எப்படியிருந்தாலும் மொழியை மட்டும் வைத்து இந்த ஏற்ற இறக்கத்தை விளக்க முடியாது.

கை படாத பாடம்

எந்த மொழியில் போதித்தாலும் பிள்ளையின் கையில் ஒரு பொருளும் இல்லாவிட்டால் அறிவியல் மனப்பாடம்தான். அமிலம் என்றால் புளிக்கும், காரம் என்றால் கசக்கும் என்று எழுதி மதிப்பெண் வாங்கலாம். யூபிஎஸ்ஆர் சோதனை இருந்த காலத்தில், ஐந்தாம் ஆண்டிலிருந்தே பயிற்சிப் புத்தகங்களைத் தின்று தீர்த்த பிள்ளைகள் எத்தனை பேர்! அந்தச் சோதனை 2021இல் நீக்கப்பட்டது. ஆனால் நீக்கியதால் கிடைத்த நேரம் செய்முறைக்குப் போனதா என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் கேட்பவர் குறைவு. மண்டபத்துக்குக் கூரை போடுவதைப் பற்றிப் பேசிய நேரத்தில் பத்தில் ஒரு பங்காவது இதற்கு ஒதுக்கலாம்.

கெடாவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. தோட்டத்துக்குள்ளேயே இருக்கும் பல பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை மிகக் குறைவு. நிலம் தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம் என்பதால் அரசாங்கத்தின் முழு உதவி கிடைக்காத பள்ளிகளும் உண்டு. இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே வகுப்பில் அமர்த்திப் பாடம் நடத்த வேண்டிய நிலையும் வருவதுண்டு. இதைக் குறையாகவே பார்த்துப் பழகிவிட்டோம். பன்னிரண்டு பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் தராசைத் தொடலாம். நாற்பது பேர் உள்ள பட்டணத்து வகுப்பில் அது நடக்காது.

பொருளுக்கும் பெரிய செலவு இல்லை. நம் தேசிய மலரான செம்பருத்தியின் சிவந்த இதழ்களை வெந்நீரில் ஊறவைத்தால் சாறு இறங்கும். அதில் எலுமிச்சைச் சாறு விட்டால் சிவப்பு பளிச்சென்று கூடும். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிந்த நீரில் சில துளி விட்டால் பச்சைக்குத் திரும்பும். சுண்ணாம்பு கண்ணில் படாமல் பெரியவர் ஒருவர் பார்த்துக்கொண்டால் போதும். அமிலமும் காரமும் அந்தப் பிள்ளைக்கு ஆயுசுக்கும் மறக்காது.

முயற்சிகள் நடக்காமலும் இல்லை. தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்காக அஸ்தி அமைப்பு நடத்தும் அறிவியல் விழாவில், பிள்ளைகளே ஒரு கேள்வியை எடுத்து, சோதித்து, நடுவர் முன் தமிழில் விளக்குகிறார்கள். தமிழ்நாட்டில் 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் சிறுவர்களுக்காகத் "துளிர்" என்ற மாத இதழையே நடத்தி வருகிறது. இந்தியாவில் 1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில், பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை ஆராய்கிறார்கள். குளத்து நீர், குப்பை, கொசு எதுவும் ஆகலாம். விழாவுக்காக ஆசிரியரே செய்து கொடுத்து, பிள்ளை ஒப்பிக்கும் வழக்கம் மட்டும் எங்கும் தலையெடுக்கக் கூடாது. அது மேடை நாடகம்.

பள்ளியை மட்டும் சொல்லிப் பயனில்லை. 2019 டிசம்பர் 26இல் ஏற்பட்ட சூரிய கிரகணம் கெடாவிலும் பகுதியாகத் தெரிந்தது. பள்ளி விடுமுறை, பிள்ளைகள் வீட்டில்தான் இருந்தார்கள். வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது என்பது சரி. அதற்காகக் கதவைச் சாத்திப் பிள்ளைகளை உள்ளே வைத்த வீடுகளும் இருந்தன. அட்டையில் ஊசியால் ஒரு துளை போட்டு, சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, துளை வழியே தரையில் விழும் ஒளியைப் பார்த்திருந்தால் கடித்த பிஸ்கட் போலச் சூரியனின் உருவம் தெரிந்திருக்கும்.

கிரகணம் எப்போதாவது வரும். ஆனால் கோலா கெடா படகுத்துறையிலும் சுங்கை பட்டாணித் திடலிலும் ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும் ஒன்று உண்டு. ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டம்பர் முதல் வாரத்தை ஒட்டியும், நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நட்ட குச்சிக்கு நிழலே இராது. கடிகாரத்தில் அப்போது மணி பன்னிரண்டு அல்ல, ஏறத்தாழ ஒன்றேகால். ஏன்? 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை சபா, சரவாக் நேரத்துக்கு மாற்றிக்கொண்டது, சூரியன் மாறவில்லை. அன்றைக்கு ஒரு நேர்க்குச்சி, ஒரு அளவுகோல், ஒரு நோட்டுப் புத்தகத்துடன் பிள்ளையை வாசலுக்கு அழைத்துப் போங்கள். பகல் பன்னிரண்டரையிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலை அளந்து எழுதச் சொல்லுங்கள். ஒன்றேகால் தாண்டியதும் நிழல் எந்தப் பக்கம் நீளத் தொடங்குகிறது என்று அந்தப் பிள்ளையே சொல்லட்டும்.