வந்தவர்களும் வரவேற்ற ஊரும்: தருமம் நிலைத்து நிற்க வழி என்ன?

ஊரைவிட்டு வந்தவர்களுக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு சோற்றுப் பார்சல்தான். அரசாங்கத்தின் உலர் உணவு வருமுன்பே, நிறுவனங்களின் வாகனங்கள் வருமுன்பே, அயல் வீட்டு அடுப்பில் வந்தவர்களுக்கும் சேர்த்து உலை வைக்கப்படுகிறது. இதற்கு ஈடான உதவி வேறில்லை. ஆனால் சில மாதங்களில் இந்தத் தருமம் ஏன் வற்றிப்போகிறது? கொடுத்தவர் முகத்தில் சலிப்பும் வாங்கியவர் மனத்தில் கூச்சமும் ஏன் வருகின்றன? இதைத் தவிர்க்க இரு பகுதியாரும் செய்யக்கூடியவற்றை இங்கே பார்ப்போம்.

புத்தளம் தரும் பாடம்

1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர் வீடு, வயல், கால்நடை அனைத்தையும் விட்டு வெளியேறினர். பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்துக்கே வந்து சேர்ந்தார்கள். அவ்வூர் மக்கள் சமைத்துக் கொடுத்தார்கள். பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டார்கள். தென்னங்காணிகளில் கொட்டில் போட இடம் கொடுத்தார்கள்.

ஆனால் வருடங்கள் நீண்டன. கற்பிட்டிப் பக்கத்து வெங்காய, மிளகாய்த் தோட்டங்களில் கூலிக்கு ஆட்கள் பெருகியதால் உள்ளூர்க் கூலியாட்களுக்கும் வேலை குறைந்தது. கிணறுகளிலும் வகுப்பறைகளிலும் நெருக்கடி உண்டானது. நிவாரண அட்டை வந்தவர்களுக்கு இருந்தது. பக்கத்திலிருந்த உள்ளூர் ஏழைக்கு இல்லை. அன்போடு தொடங்கிய உறவில் கசப்பு கலந்தது. 2007இல் உலக வங்கியின் கடனுதவியுடன் அங்கே தொடங்கிய வீடமைப்புத் திட்டத்தில் உள்ளூர் ஏழைக் குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். இந்தப் பாடத்தைக் கற்க 17 ஆண்டுகள் சென்றன. நாம் அவ்வளவு காலம் காத்திருக்கத் தேவையில்லை.

ரூத் கதிர் பொறுக்கிய வயல்

வேதாகமத்தில் ரூத் என்ற மோவாபியப் பெண்ணின் கதையை அறிவோம். கணவனை இழந்தவள், மாமியாரோடு பெத்லகேமுக்கு வந்த அந்நிய தேசத்தவள். அறுவடையின்போது வயலோரத்தை முற்றாக அறுக்காமல், சிந்திய கதிரைப் பொறுக்காமல், ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவிட வேண்டுமென்பது அந்நாட்டுச் சட்டம். போவாஸ் அவளுக்கு வயலில் இடம் கொடுத்தான். அவள் தன் கையால் பொறுக்கித் தன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். பசியும் தீர்ந்தது, மானமும் காக்கப்பட்டது. வந்தவர் தன் கையால் உழைக்க வழிவிடும் கொடையே நீடித்து நிற்கும்.

பிடியரிசி

உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பது நம் தாய்மாரின் பழைய வழக்கம். ஒரு பிடி 50 கிராம் என்று கொண்டால், 60 வீடுகள் சேரும்போது ஒரு கிழமைக்கு 21 கிலோ அரிசி கிடைக்கும். எந்த வீட்டுக்கும் இது பாரமாகாது. இதைச் சமைத்துப் பகிர்வதைவிட அரிசியாகவே கொடுப்பது நல்லது. தன் அடுப்பில் தானே சமைக்கும் தாய்க்குத் தன் வீடு என்ற எண்ணம் திரும்பும்.

இதை நடத்தும் குழுவில் வந்தவர்களும் சரிபாதியாக இருக்கட்டும். யாருக்கு அதிக தேவை என்பதை அவர்களே நன்கறிவர். கணக்கை மாதந்தோறும் எல்லோர் முன்னும் வாசியுங்கள். உள்ளூர் விதவைக்கும் முதியவருக்கும் அதிலே பங்கிருக்கட்டும். கொடுக்கும்போது படம் பிடிப்பதை அறவே விட்டுவிடுங்கள்.

விதைநெல் சேமிப்பு

கமக்காரனுக்குச் சோற்றைவிடப் பெரிய உதவி விதை. ஊரில் 10 பேர் ஆளுக்கு 2 புசல் விதைநெல் கொடுத்தால் 20 புசல் சேரும். ஏக்கருக்கு ஏறத்தாழ 2 புசல் வேண்டும். எனவே அரை ஏக்கர் வீதம் 20 குடும்பங்கள் விதைக்கலாம். அறுவடை முடிந்ததும் ஒவ்வொருவரும் ஒன்றேகால் புசல் திருப்பிக் கொடுப்பதென்று வைத்தால், அடுத்த போகத்துக்கு 25 புசல் இருக்கும். அதை உள்ளூர்க் கமக்காரரும் பெறலாம். இப்போது வாங்கியவரே கொடுப்பவர் ஆகிவிடுகிறார்! திருப்பிக் கொடுப்பது கலப்பில்லாத, நன்கு காய்ந்த நெல்லாக இருக்க வேண்டும். வெள்ளத்தாலோ வரட்சியாலோ பயிர் அழிந்தால் தவணை கொடுக்கவேண்டும், கடனாளியாக்கக் கூடாது.

காணி கொடுப்போர் கவனத்துக்கு

தரிசாகக் கிடக்கும் காணியைப் பயிர்செய்யக் கொடுப்பது பெருங்கொடை. ஆனால் வாய்ப்பேச்சோடு விட்டால் பிற்பாடு மனத்தாபம் வரும். எத்தனை போகத்துக்கு, குத்தகை உண்டா, மரங்களின் பலன் யாருக்கு, கிணற்றையும் நீரிறைக்கும் இயந்திரத்தையும் யார் திருத்துவது என்பவற்றை எழுதி, கிராம அலுவலர் முன்னிலையில் ஒப்பமிட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்திருங்கள். காணிக்காரரின் பயமும் தீரும்; உழுபவரின் பயமும் தீரும்.

வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை

நீங்கள் வெறுங்கையோடு வரவில்லை. வெங்காயச் செய்கையின் நுட்பம், நாற்று மேடை போடும் பழக்கம், கிடுகு பின்னும் கை, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் படிப்பு ஆகியவை உங்களோடு வந்திருக்கின்றன. ஊர்க் குளக்கட்டுச் சிரமதானத்துக்கு அழைப்பு வரும்வரை நில்லாதீர்கள். செத்தவீட்டுக்கும் கலியாணவீட்டுக்கும் போய்வாருங்கள். மரணச் சகாயச் சங்கத்தில் சேர்ந்து உங்கள் சந்தாவைக் கட்டுங்கள். சந்தா சிறிதாக இருக்கலாம். ஆனால் அதைக் கட்டும் நாளிலிருந்து நீங்கள் அவ்வூரின் கணக்கிலே ஒருவர்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும், கோவில் வாசலில் இரு பகுதியாரிலும் ஐந்து ஐந்து பேர் கூடி இருந்து பேசினாலே போதும். பிடியரிசிப் பானையை அன்றே தொடங்கிவிடலாம்.