மெரினாவில் மணல், திருவொற்றியூரில் கல்: காரணம் ஒரே சுவர்தான்!

உத்திரமேரூரிலிருந்து பஸ் பிடித்து வந்து மெரினாவில் இறங்கினால், அலையைத் தொடுவதற்குள் கால் வலித்துவிடும். அவ்வளவு மணல்! அங்கிருந்து வடக்கே திருவொற்றியூர் பக்கம் போனால் மணலே இல்லை. சாலையோரம் பாறாங்கல் குவியல், அதைத் தாண்டினால் கடல். ஏன் இந்த வித்தியாசம்?

சுவர் எதற்கு வந்தது?

மெட்ராஸுக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல் தள்ளி நிற்கும். ஆளும் சரக்கும் மசூலா படகில் அலையோடு போராடித்தான் கரை சேரணும். 1861-ல் இரும்புத் தூண்கள் மீது ஒரு பாலம் கட்டினார்கள். ஆனால், அலையை அது தடுக்கவில்லை. அடுத்த திட்டம்தான் கடலுக்குள் நீளும் இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள். அடியில் பாறாங்கல், மேலே ராட்சத கான்கிரீட் கட்டிகள். 1875 டிசம்பரில் இங்கிலாந்து இளவரசர் அடிக்கல் நாட்டினார்.

1881 நவம்பர் புயலில் சுவர்களின் பெரும்பகுதி நொறுங்கியது. விடாமல் திரும்பக் கட்டினார்கள். 1904-ல் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங், மணல் தொல்லை கொடுத்த கிழக்கு வாசலை மூடிவிட்டு, வடகிழக்கில் புது வாசல் திறந்தார். 1912-ல் கணித மேதை ராமானுஜன் கிளார்க்காகச் சேர்ந்தது இவருடைய ஆபீஸில்தான்.

மணல் எங்கே போச்சு?

நம் கடற்கரையில் அலைகள் மணலை வருஷம் முழுக்க நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. கூட்டிக் கழித்துப் பார்த்தால், மணல் போவது தெற்கிலிருந்து வடக்கே. குறுக்கே சுவர் வந்ததும் தெற்கே தேங்கியது, மெரினா அகலமானது. வடக்கே வரத்து நின்றது. அலை கரையைத் தின்றது. ராயபுரம் தொடங்கி மீனவர் குப்பங்கள் நிலத்தை இழந்தன.

உத்திரமேரூர் ஏரிப் பாசனக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். வாய்க்காலை நடுவில் அடைத்தால் தலைமடை நிரம்பும், கடைமடை காயும்.

இப்போ என்ன?

அரிப்பைத் தடுக்க கல் கொட்டினார்கள். தூண்டில் வளைவுகள் போட்டார்கள். அவையும் குட்டிச் சுவர்கள்தான். ஒரு குப்பத்தைக் காப்பாற்றினால், அரிப்பு அடுத்த குப்பத்துக்கு நகர்கிறது. இன்னும் வடக்கே எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களும் வந்துவிட்டன. கடலில் புதிதாக ஒரு சுவர் எழும்பும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அதன் கடைமடையில் யார் இருக்கிறார்கள்?