கோலமாவில் ஊர்ப்படம்

அந்த அங்கன்வாடியின் எடைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். தென்மாவட்டத்தில் ஒரு சிற்றூர், பெயர் வேண்டாம். 9.0, 10.5, 11.0, 9.5, 10.0 என்று மூன்று மாத எடைகள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. ஒரு பிள்ளைகூட 9.3 கிலோ இல்லை, 10.7 இல்லை. எல்லாம் முழுக் கிலோ, இல்லாவிட்டால் அரை.

ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் பழகியவர்கள் முதலில் தேடுவது இதைத்தான். கடைசி இலக்கத்தில் பூஜ்யமும் ஐந்தும் குவிந்துகிடந்தால், எண் தராசிலிருந்து வரவில்லை, குத்துமதிப்பிலிருந்து வந்திருக்கிறது என்று அர்த்தம். டீச்சரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. தொட்டில்துணியில் தொங்கும் குழந்தை வீறிட்டுக் காலை உதைக்கும்போது தராசின் முள் ஓரிடத்தில் நிற்காது. ஆனால் விளைவு சின்னதல்ல. ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு மாதம் ஏறுவது ஏறத்தாழ 200 கிராம். அரைக் கிலோவுக்கு இழுத்து எழுதினால் இரண்டு மாத வளர்ச்சியோ, வளராமல் நின்றதோ, பதிவேட்டில் தெரியாமலே போய்விடும்.

2019–21-ல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாடு முழுக்க அது 35.5. அந்த ஆய்வு மாவட்டம்வரை கணக்குச் சொல்லும். அதற்குக் கீழே இறங்காது. இந்த ஊரில் யார், எந்தத் தெருவில், எந்த மாதத்தில், எதனால் மெலிகிறார்கள் என்பதை ஊருக்குள் நடந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். இதற்குத் துறை வைத்திருக்கும் பெயர் தேவை மதிப்பீடு. பெயர்தான் கோப்பு வாசனை அடிக்கிறது. வேலை என்னவோ கால்நடையாகச் செய்கிற துப்பறியும் வேலை.

முதல் கருவி ஒரு நாடா. பிள்ளையின் இடது கையைத் தளரத் தொங்கவிட்டு, தோள்முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவே குறியிட்டு, இறுக்காமல் சுற்ற வேண்டும். 11.5 செ.மீ.க்குக் கீழே சிவப்பு, 12.5 வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை. ஆறு மாதக் குழந்தைக்கும் நாலரை வயதுப் பிள்ளைக்கும் ஒரே அளவா என்று கேட்கத் தோன்றும். முதல் பிறந்தநாளுக்குப் பிறகு குழந்தைக் கொழுப்பு கரையும் இடத்தைத் தசை நிரப்பிக்கொண்டே வருகிறது. அதனால் நல்ல பிள்ளையின் கைச்சுற்றளவு ஐந்து வயதுவரை அதிகம் மாறுவதில்லை. சாப்பாடு குறைந்தாலோ நோய் வந்தாலோ அந்தத் தசையும் கொழுப்பும்தான் முதலில் உருகும். 1960களின் இறுதியில், நைஜீரிய உள்நாட்டுப் போரின்போது, குவேக்கர் தொண்டர்கள் கைச்சுற்றளவை உயரத்தோடு ஒப்பிட ஒரு குச்சியைக் கொண்டுபோனார்கள். 1974-ல் ஷகீர், மோர்லி என்ற இரு மருத்துவர்கள் நிறம் தீட்டிய பட்டையை முன்வைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் தன் பிள்ளை எந்த நிறத்தில் நிற்கிறது என்று பார்த்துவிடலாம்.

உயரம் அத்தனை எளிதல்ல. இரண்டு வயதுக்குள் படுக்கவைத்தும், பிறகு நிற்கவைத்தும் அளக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே 0.7 செ.மீ. வித்தியாசம் வரும். வயது அதைவிடத் தொல்லை. ஒரு வயதையொட்டி இரண்டே மாதத்தில் பிள்ளை இரண்டு செ.மீ.க்கு மேல் வளரும் என்பதால், பிறந்த மாதம் பிசகினால் நல்ல பிள்ளையும் குட்டைக் கணக்கில் விழுந்துவிடும். பிறப்புச் சான்றிதழ் இல்லையா? இருக்கிறது, டிரங்குப் பெட்டிக்குள். பெட்டியின் சாவி நூறு நாள் வேலைக்குப் போன அம்மாவின் இடுப்பில். ஆகவே, ஆடிப்பெருக்குக்கு முன்னாலா பின்னாலா, தீபாவளிக்குத் தலை நின்றதா என்று பாட்டியிடம் விசாரிக்க வேண்டியிருக்கிறது. உலகெங்கும் கணக்கெடுப்பாளர்கள் இப்படி உள்ளூர்த் திருவிழாக்களை வைத்து நாள்காட்டி தயாரித்துக்கொள்கிறார்கள்.

சாப்பாட்டை விசாரிக்கவும் ஒரு முறை உண்டு. நேற்று எழுந்ததிலிருந்து படுக்கும்வரை வாய்க்குள் போனதையெல்லாம் வரிசையாகக் கேட்பது. பதினெட்டு மாதப் பெண்குழந்தை ஒன்று அப்பத்தா மடியில் இருந்தது.

“பாப்பா நேத்து என்ன சாப்பிட்டா அப்பத்தா?”

“நாங்க சாப்புடுறதத்தேன் டீச்சர்.”

“எந்திரிச்சதும்?”

“டீத்தண்ணியில ரெண்டு பிஸ்கோத்து. மத்தியானம் ரசஞ்சோறு. ராத்திரிக்கும் அதேன்.”

“சத்துமாவு குடுத்தோம்ல?”

“அதக் கஞ்சியாக் காச்சி எல்லாரும் குடிச்சிருவோம். ஒத்தப் பிள்ளைக்குன்னு தனியா எப்பிடித்தா ஒலை வைக்கிறது?”

ஆறு மாதம் முடிந்து இரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு, தாய்ப்பாலையும் சேர்த்து எட்டு உணவு வகைகளில் குறைந்தது ஐந்து ஒரு நாளில் கிடைக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். டீயில் விட்ட சொட்டுப் பாலைச் சேர்ப்பதில்லை. இவளுக்குத் தானியம், சத்துமாவுக் கஞ்சியில் கொஞ்சம் பருப்பு, தாய்ப்பால் என்று மூன்று தேறியது. அடுப்படியில் கல்லுப்பு, மூடியில்லாத பானையில். சோதனைத் திரவத்தை ஒரு சொட்டு விட்டோம். அயோடின் இருந்தால் ஊதாவாக வேண்டும். அப்படியே வெள்ளையாகக் கிடந்தது. இந்த வீட்டுக்கு இன்னொரு பொட்டலம் சத்துமாவு கொடுத்தால் அதுவும் கஞ்சிப்பானைக்குத்தான் போகும்.

எல்லாருக்கும் ஒரேபோல் கொடுக்காமல் தேவை அறிந்து கொடுக்கும் பாடத்தைத் தமிழ்நாடு முன்பே ஒருமுறை படித்திருக்கிறது. 1980-ல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், எல்லாப் பிள்ளைக்கும் தட்டு வைக்கவில்லை. ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரையுள்ளவர்களை மாதாமாதம் எடை பார்த்தது, எடை ஏறாமல் நின்ற பிள்ளைக்கு மட்டும் 90 நாள் கூடுதல் உணவு கொடுத்தது, தேறியதும் நிறுத்தியது. மூன்று வயதுக்குள்தான் உடல் அதிகம் சரிகிறது, அந்த வயதுப் பிள்ளையால் தானாக மையத்துக்கு நடந்து வரவும் முடியாது என்ற புரிதல் அதன் அடியில் இருந்தது. இரண்டு வருஷம் கழித்து வந்த எம்.ஜி.ஆரின் சத்துணவுக்கு இருந்த புகழ் இதற்கு இல்லை. தராசுக்கு யார் கைதட்டுவார்கள்?

இதைவிட ஒரு படி மேலே போன முயற்சி வியட்நாமில் நடந்தது. 1990 வாக்கில் பிள்ளைகளின் ஊட்டக்குறைவைச் சரிசெய்ய ஜெர்ரி ஸ்டெர்னின், மோனிக் தம்பதி ‘தான் ஹோவா’ மாகாணத்துக்குப் போனார்கள். பலன் காட்ட அரசு கொடுத்த கெடு ஆறு மாதம். ஊர்க்காரர்களைக் கொண்டே பிள்ளைகளை எடைபோடவைத்துவிட்டு, ‘பரம ஏழை வீட்டில் எடை சரியாக உள்ள பிள்ளை உண்டா?’ என்று கேட்டார்கள். இருந்தன. அந்த வீடுகளில் வயலில் அள்ளிய பொடி இறாலையும் நண்டையும், சர்க்கரைவள்ளிக் கீரையையும் சோற்றில் பிசைந்து கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு அவை பிள்ளைக்கு ஆகாத சாப்பாடு. இரண்டு வேளைச் சோற்றை நாலைந்து வேளையாகப் பிரித்தும் கொடுத்தார்கள். எட்டுக் கிலோப் பிள்ளையின் வயிறு ஒரு தடவைக்குச் சுமார் கால் லிட்டர்தான் கொள்ளும். ஒரேயடியாகத் திணித்துப் பயனில்லை. பிறகு நடந்த சமையல் கூட்டங்களுக்கு வருகிற தாய் ஒரு கைப்பிடி இறாலோ கீரையோ கொண்டுவர வேண்டும் என்பது விதி.

நாங்கள் போயிருந்த சிற்றூரில், சாயங்காலம் மடத்துக்கு முன்னால் பெண்களிடம் கோலமாவைக் கொடுத்து ஊரை வரையச் சொன்னார் டீச்சர். 1980களின் கடைசியிலிருந்து இந்தியாவில் பரவலாகப் பழகிய முறை இது. ஊர்த்தெரு, தண்ணித்தொட்டி, ரேஷன் கடை எல்லாம் சடசடவென்று வந்தன. ஆண்கள் எட்டிப்பார்த்து ‘கோயிலைப் பெருசாப் போடுங்க’ என்றார்கள். யாரும் காதில் வாங்கவில்லை. மஞ்சளோ சிவப்போ காட்டிய பிள்ளை இருக்கும் வீட்டில் ஆளுக்கொரு புளியங்கொட்டை வைக்கச் சொன்னார். பதினான்கு கொட்டைகள். அதில் பதினொன்று கோலமாவில் வளைந்து ஓடிய ஒரு கோட்டுக்கு அந்தப்பக்கம், காலனியில்.

“இது என்ன?” என்று கோட்டைக் காட்டினேன்.

“ஓடை. ஐப்பசி, கார்த்திகையில தண்ணி போகும். பிள்ளையத் தூக்கிக்கிட்டு எறங்க முடியாது.”

பதிவேட்டை மறுபடி பார்த்தோம். அந்த இரண்டு மாதமும் காலனிப் பிள்ளைகள் எல்லாருக்கும் வருகை போட்டிருந்தது, எடையும் இருந்தது. டீச்சர் ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் மேலே அனுப்பவேண்டிய படிவத்தில் எடைக்குறைவுக்குக் காரணம் என்று ஒரு கட்டம். குறியிடுவதற்கு நான்கு வாய்ப்புகள்: வறுமை, நோய், தாயின் அறியாமை, இதர. டீச்சர் கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, ‘இதர’ என்பதற்குப் பக்கத்தில் இருந்த அரை அங்குல இடத்தில் ‘ஓடை’ என்று பொடி எழுத்தில் எழுதினார்.