ஒரே டிக்கெட்டா என்று முதலில் கேளுங்கள்

ஊத்துக்குளியிலிருந்து செங்கப்பள்ளி வந்து நெடுஞ்சாலையைப் பிடித்தால் கோவை விமான நிலையம் பக்கம்தான். ஆனால் அங்கிருந்து ஐரோப்பாவுக்கு நேரடி விமானம் கிடையாது. ஆடை வாங்கும் பையரைப் பார்க்க பிராங்பர்ட் போகிறவர் சென்னையிலோ மும்பையிலோ வளைகுடாவிலோ மாறித்தான் ஆக வேண்டும். சென்னை–பிராங்பர்ட் வான்வழித் தூரம் சுமார் 7,600 கி.மீ.; பத்து மணி நேரப் பயணம். அந்தப் பத்து மணி நேரத்தைவிட, மாறும் இடத்துக்கான இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் ஆபத்து அதிகம்.

செலவு மிச்சம் என்று கோவை–மும்பைக்கு ஒரு டிக்கெட், மும்பை–பிராங்பர்ட்டுக்குத் தனி டிக்கெட் எடுக்கிறார்கள். முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், இரண்டாவது நிறுவனத்துக்கு நீங்கள் வராத பயணி. திரும்பி வரும் டிக்கெட்டும் சேர்ந்தே ரத்தாகலாம். இரண்டும் ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில் இருந்தால், மாற்று விமானத்தில் அனுப்பும் பொறுப்பு விற்ற நிறுவனத்துடையது. என் பார்வையில், சில ஆயிரம் கூடுதலானாலும் ஒரே டிக்கெட்தான் எடுக்க வேண்டும்.

விமானம் ரத்தானாலோ தாமதமானாலோ கிடைக்கும் இழப்பீட்டை நிர்ணயிப்பது தூரமும் நேரமும்தான். இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. விதிப்படி, முன்னறிவிப்பின்றி விமானம் ரத்தானால், பயண நேரம் ஒரு மணி வரை என்றால் 5,000 ரூபாய், இரண்டு மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து இதைவிடக் குறைவாக இருந்தால், அந்தக் குறைந்த தொகைதான். புயல், மூடுபனி போன்ற காரணங்களுக்கு இழப்பீடு இல்லை. ஆனாலும் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி இன்னும் தாராளமானது. பிராங்பர்ட்டிலிருந்து கோவைக்கு ஒரே டிக்கெட்டில் வந்து, விமான நிறுவனத்தின் தவறால் நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகச் சேர்ந்தால் 600 யூரோ. தூரம் 3,500 கி.மீ.ஐத் தாண்டுவதால் இந்தத் தொகை. புறப்படும் இடம் ஐரோப்பா என்பதால் இந்திய நிறுவனமும் தர வேண்டும். இங்கிருந்து போகும்போது ஐரோப்பிய நிறுவனத்தில் பறந்தால் மட்டுமே இந்த உரிமை உண்டு.

அடுத்தது சாம்பிள் பை. மறுநாள் பையர் மேசையில் விரிக்க வேண்டிய டி-ஷர்ட்டுகளை செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. ஸ்டைலுக்கு ஒன்றாவது கைப்பையில் இருக்கட்டும். பெட்டி வரவில்லையா? விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் லக்கேஜ் கவுன்டரில் பெட்டி வராததைப் பதியும் பி.ஐ.ஆர். படிவம் எழுதி, நகல் வாங்குங்கள். போர்டிங் பாஸில் ஒட்டிய லக்கேஜ் டேக்கைத் தூக்கியெறியாதீர்கள். சர்வதேச விமானப் பயணத்துக்கான மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி, சேதமான பெட்டிக்கு 7 நாட்களுக்குள், தாமதமாக வந்த பெட்டிக்கு 21 நாட்களுக்குள் எழுத்துமூலம் புகார் தர வேண்டும்.

நிறுவனம் பதில் சொல்லாவிட்டால் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் புகார் பதியலாம். நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். மும்பைக்கு அலைய வேண்டியதில்லை. செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் போட்டுவிடுங்கள்.